சாதனைப் பட்டியலில் பட்டாசு அறைக்கும் இடம் வேண்டும்

கல்வியாண்டு முடியும்போது ஒவ்வொரு கல்லூரியும் தன் பேராசிரியர்கள், அலுவலர்களின் சாதனைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. எந்தத் துறையில் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள், யார் எந்தக் கருத்தரங்கில் உரையாற்றினார், யாருக்கு முனைவர் பட்டம், யாருக்குக் காப்புரிமை என்று பக்கம் பக்கமாக நீளும் பட்டியல் அது. வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, ஆய்வுக் குழுவுக்குக் கோப்புகளும் தயாரித்துவிட்டு மிஞ்சும் நேரத்தில் ஒருவர் செய்த வேலை அதில் இருக்கிறது. அதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளின் பட்டியலை வேறொரு கண்ணாலும் பார்த்தாக வேண்டும். ஆலங்குளத்திலிருந்தும் வெம்பக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறிப் படிக்க வரும் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் யாரோ ஒருவர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். அவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்ப உதவும் வேலையே இங்கே பட்டியலின் முதல் வரியில் வர வேண்டும்.

இந்தக் கல்லூரிகளை எழுப்பியது இந்த மண்ணின் தொழில்தான். 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-இல் பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தாங்கிய ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984-இல் உலோகப் பவுடர் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரோடு மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. கந்தகமும் அலுமினியப் பவுடரும் கையாண்ட உழைப்பில் வந்த பணம் வகுப்பறைகளாயிற்று. அதே உழைப்பு உயிர்களையும் கேட்டது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டியிலும் நடந்த பட்டாசு ஆலை விபத்துகளை இந்த மாவட்டம் மறக்கவில்லை. விபத்துக்கான காரணங்கள் பலவும் பாடப்புத்தக அறிவியல்தான். மணி மருந்து எனப்படும் வெடிமருந்தை அழுத்திச் செலுத்தும்போது ஏற்படும் உராய்வு ஒன்று. மீந்துபோன மருந்து இன்னொன்று. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே சூடு பிடிக்கும். அதனால்தான் அன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்கிறார்கள். 'வைக்கக் கூடாது' என்று சொல்வதோடு, ஏன் கூடாது என்பதையும் விளக்கும் ஆள் அங்கே தேவை. வேதியியல் ஆசிரியரைவிடத் தகுதியானவர் வேறு யார்?

நம் கல்லூரிகள் இதில் கையே வைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டாசு மருந்தில் அலுமினியத் துகள் நுண்ணியதாக ஆக, தீப்பற்றத் தேவையான ஆற்றல் எப்படி மாறுகிறது என்பதை மெப்கோவின் ஆய்வாளர்கள் அளந்து, உலகளவில் படிக்கப்படும் ஆங்கில ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். இது உண்மையான சாதனை. அந்தக் கட்டுரை ஆலையின் போர்மேனுக்குப் புரியும் தமிழில் நாலு பக்கமாக வந்திருந்தால் அதன் மதிப்பு எத்தனை மடங்கு கூடியிருக்கும்! 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தபோது சிவகாசி திகைத்து நின்றது. 'பச்சை உப்பு' எனப்படும் பேரியம் நைட்ரேட் இல்லாமல் தொழில் எப்படி நடக்கும் என்பதே அன்றைய பேச்சு. மாற்றுக் கலவையோடு வந்தது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'நீரி' எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பட்டாசுப் பணத்தில் எழுந்த ஆய்வகங்கள் சுற்றிலும் இருக்க, விடை நாக்பூரிலிருந்து வரவேண்டியிருந்தது என்பது உறுத்துகிறது.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் முறையே அப்படி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் அறிவியல் ஆசிரியரின் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 மதிப்பெண். வெளிநாட்டுக் கருத்தரங்கில் உரையாற்றினால் 7. மாநில அளவில் ஒரு கொள்கை ஆவணம் தயாரித்தால் 4. பட்டாசு அறையில் நிற்கும் பெண்ணுக்காக எழுதும் பாதுகாப்புக் கையேட்டுக்கு அந்த அட்டவணையில் வரியே இல்லை. விரிவாக்கப் பணிக்கு வேறோர் இடம் உண்டு என்பது சரிதான். ஆனால் அங்கே ரத்ததான முகாமும் மரம் நடுதலும் போதும், தேர்ச்சி கிடைத்துவிடும்.

அடிப்படை அறிவியலுக்கு ஊர்ப் பயன் என்ற அளவுகோல் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கக் கூடாதுதான். எண் கோட்பாட்டில் ஆழ்ந்திருப்பவரைப் பட்டாசு ஆலைக்கு இழுக்க வேண்டாம். ஆனால் எல்லாரும் ராமானுஜன் வழியில் போகிறவர்கள் அல்லர். எங்கோ ஒருவர் செய்த சோதனையைச் சற்றே மாற்றிச் செய்து கட்டுரையாக்கும் உழைப்பின் ஒரு பகுதியையாவது இங்கே திருப்பலாம். பயிற்சி கொடுப்பது அரசுத் துறைகளின் வேலை என்பது இன்னொரு வாதம். உரிமம், சோதனை, அபராதம் எல்லாம் அரசின் வேலையே. ஆனால் சோதனைக்கு வருகிறவரிடம் தொழிலாளி மனம் திறந்து பேசமாட்டார். மகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் பேசுவார். ஆலைக்குள் விடுவார்களா என்ற தயக்கத்தில்தான் நியாயம் அதிகம். குத்தகைக்கு விடப்பட்ட ஆலைகளில் கதவு திறப்பது கடினம். ஆனால் ஆலை நிர்வாகமும் கல்லூரி நிர்வாகமும் பல இடங்களில் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவை. அவர்கள் மனம் வைத்தால் முதல் கதவைத் திறந்துவிடலாம்.

இது வேதியியல் துறையோடு முடிகிற வேலையும் அல்ல. கையேட்டைத் தொழிலாளியின் பேச்சில் எழுதித் தரத் தமிழ்த்துறை வேண்டும். கூலி, குத்தகை, அவசர ஆர்டர் ஆகியவை விபத்தோடு எப்படிப் பின்னியிருக்கின்றன என்று கணக்கெடுக்கப் பொருளியல் துறை வேண்டும். பட்டியல்களில் அரிதாகவே பெயர் வரும் ஆய்வக உதவியாளரும் வேண்டும். ரசாயனத்தை எடைபோட்டு, பெயர் ஒட்டி, பிரித்து அடுக்கி, மீந்ததை அப்புறப்படுத்துவதை அன்றாடம் செய்கிறவர் அவர்தான். மானியக் குழு அட்டவணையை மாற்றும் வரை தன்னாட்சிக் கல்லூரிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தமிழ்க் கையேட்டையோ ஓராண்டு முழுதும் நடத்திய ஆலைப் பயிற்சியையோ ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு இணையாகத் தங்கள் உள்மதிப்பீட்டில் ஏற்று, அதற்கென்று வகுப்பு நேரத்தையும் குறைத்துத் தரலாம். தீபாவளி முடிந்து ஆலைகளில் வேலை மந்தமாக இருக்கும் வாரங்களிலேயே முதல் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.