ஹோட்டல் பாயிண்டில் பாதி நமக்கும் உண்டு!



கம்பெனி வேலையாக மாதத்தில் பத்து நாள் வெளியூரில் தங்குகிற கணவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறாரா? அப்படியானால் அவருடைய செல்போனை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வேறு எதற்கும் இல்லை, ஹோட்டல் பாயிண்ட் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான்.

எனக்கே இரண்டு வருஷம் முன்புதான் இது தெரிந்தது. பெரிய ஹோட்டல் குழுமங்களில் பெயரைப் பதிந்துகொண்டால், ஒவ்வொரு முறை தங்கும்போதும் கணக்கில் பாயிண்ட் ஏறும். சேர்ந்த பிறகு அதே குழுமத்து ஹோட்டலில் அந்தப் பாயிண்டைக் கொடுத்து இலவசமாகத் தங்கலாம். 1981-ல் அமெரிக்காவில் ஒரு விமானக் கம்பெனி இந்த மாதிரி ஆரம்பித்து, 1983-ல் ஹாலிடே இன் ஹோட்டல்காரர்கள் பிடித்துக்கொண்டார்களாம். நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? வாடிக்கையாளரைக் கையில் வைத்துக்கொள்ள நம் ஊர் நகைக்கடையும் பாத்திரக்கடையும் போடாத சீட்டா!

என் கணவர் மெஷின் சர்வீஸ் வேலையில் இருக்கிறார். பூனா, அகமதாபாத், சென்னை என்று சுற்றுவார். ஹோட்டல் பில்லைக் கம்பெனி கட்டும், பாயிண்ட் தங்குகிறவர் பெயரில் சேரும். கம்பெனியில் கேட்டே விட்டோம், தங்குகிறவருக்கே என்றார்கள். (நீங்களும் கேட்டுக்கொள்வது நல்லது. சில இடத்தில் சட்டம் வேறாக இருக்கலாம்.)

போன வருஷம் அவர் கணக்கில் 51,000 பாயிண்ட் இருந்தது. "கோவா போகலாமா?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கோவாவில் அதே குழுமத்து ஹோட்டலில் ஒரு அறைக்கு ஒரு ராத்திரி 34,000 பாயிண்ட். காசு கொடுத்தால் 14,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு பாயிண்ட் 41 பைசா. திருச்சியில் ஒரு ராத்திரி 12,000 பாயிண்ட், காசு கொடுத்தால் வரியோடு 6,300 ரூபாய். ஒரு பாயிண்ட் 52 பைசா ஆகிறது. கோவாவில் ஒரே ஒரு ராத்திரி, அதுவும் ஒரே அறை. போகவர டிக்கெட் தனி. திருச்சியில் இரண்டு அறை, இரண்டு ராத்திரி, 48,000-ல் முடிந்துவிடும். கடையில் இரண்டு கிலோ வாங்கினால் லாபமா, ஐந்து கிலோ வாங்கினால் லாபமா என்று தினம் பார்க்கிற நமக்கு இது பெரிய கணக்கே இல்லை. எத்தனை பாயிண்ட் கேட்கிறார்கள் என்று மட்டும் பார்க்காமல், அறை வாடகையையும் பார்த்து வகுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"திருச்சிக்கு எதுக்கு?" என்றார் அவர். எனக்குத் திருச்சி தேவையே இல்லை. எனக்குப் பெரம்பலூரும் அரியலூரும்தான் வேண்டும்.

நான் பிறந்தது அரியலூர் பக்கம், திருமானூர் போகிற வழியில் ஒரு கிராமம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, அப்புறம் அரியலூர் பிரிந்து, திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் பிரிந்தது. எந்த மாவட்டம் என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களே யோசித்துத்தான் சொல்வார்கள்! இந்த இரண்டு மாவட்டத்திலும் எங்கள் கணக்கு இருக்கிற குழுமத்துக்கு ஹோட்டல் கிடையாது. செல்போன் மேப்பில் பார்த்தால் அந்த இடமே காலியாகத் தெரிகிறது. பாயிண்ட் இருக்கிறவர்கள் ஹோட்டல் இருக்கிற ஊராகப் பார்த்துப் போகிறார்கள், என் ஊருக்கு யாரும் வருவதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்க வேண்டிய இடத்தை முதலில் நாம் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் பாயிண்ட் செல்லுகிற ஹோட்டலைத் தேட வேண்டும். திருச்சியிலிருந்து பெரம்பலூர் அறுபது கிலோமீட்டர்தான், நாற்கரச் சாலை. அரியலூரும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்.

இங்கேதான் பிரச்னை வந்தது. என் நாத்தனார் கேட்டார், "பொறந்த வீடு இருக்கும்போது ஹோட்டல்ல தங்குவாங்களா?" அம்மாவுக்கும் போனில் குரல் இறங்கிவிட்டது. "நாலு பேரு என்னடி சொல்லுவாங்க, பொண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுல சேக்கலன்னுதான பேசுவாங்க."

இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். நாம் அம்மா வீட்டுக்குப் போகிறோம். நமக்கு ஓய்வு, சரி. அம்மாவுக்கு? மாப்பிள்ளை வருகிறார் என்று காலை நாலரைக்கு எழுந்து மாவை எடுத்து வைத்து, இட்லி, சட்னி, கறிக்குழம்பு, மதியத்துக்கு வடை பாயசம். நாம் ஊர் சுற்றிவிட்டு வரும்போது சூடாகச் சாப்பாடு இருக்கும். அம்மா வண்டியில் ஏறுவதே இல்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் சோறு ஆக்கி வைக்கிறேன்." என் கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதை. கங்கைகொண்ட சோழபுரம் அம்மா வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். அம்மா அதைப் பார்த்தது தன் கல்யாணமான வருஷம் ஒருதரம்!

அதனால் நான் அம்மாவிடம் சொன்னேன், "ஹோட்டல்ல தங்கப்போறது நாங்க மட்டும் இல்லம்மா, நீயும்தான். ஒரு அறை உனக்கும் என் பொண்ணுக்கும்." அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "காசு வாங்க மாட்டாங்களா? சத்திரம் மாதிரியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அம்மா கேட்டதும் சரிதான். தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் சத்திரம் கட்டி, வழிப்போக்கருக்கு இடமும் சோறும் கொடுத்தார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்னும் இருக்கிறது. அங்கே பாயிண்ட் கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

அரையாண்டு லீவில் போனோம். நாளையும் பார்த்துத்தான் எடுத்தோம். சனிக்கிழமை ராத்திரிக்கு 15,000 பாயிண்ட் காட்டியது, ஞாயிறும் திங்களும் 12,000. தவிர, சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் திங்கட்கிழமை கும்பிட நினைத்திருந்தோம். எங்கள் குலதெய்வம் இல்லை, ஆனாலும் அம்மாவுக்கு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. ஞாயிறு காலையில் ஓசூரில் கிளம்பி சாயங்காலம் திருச்சி. அம்மா அரியலூரில் ரயில் ஏறி ஒரு மணி நேரத்தில் ஜங்ஷனில் வந்து இறங்கிவிட்டார். பையில் முறுக்கு, ஒரு தூக்கில் புளிச்சோறு. "ஹோட்டல்ல என்ன குடுப்பானோ, எப்படி இருக்குமோ!"

திங்கட்கிழமை பெரம்பலூர் பக்கம். சிறுவாச்சூரில் கும்பிட்டுவிட்டுச் சாத்தனூர் கல்மரம் போனோம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தின மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். 1940-ல் நிலவியல் துறை எம்.எஸ்.கிருஷ்ணன் இதை வெளியே தெரியப்படுத்தினார். போகும் வழியெல்லாம் சோளக்காடு, சின்ன வெங்காயக் காடு. மதியத்துக்கு மேல் ரஞ்சன்குடிக் கோட்டை. திருச்சி-சென்னை நெடுஞ்சாலையிலேயே தெரியும், ஆனால் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. பிள்ளைகள் மேலே ஏறி இறங்கி அலுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அறையைக் காலி செய்துவிட்டு அதிகாலையில் கிளம்பி கங்கைகொண்ட சோழபுரம். சகோதரிகளே, மதியம் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதற்குத் தகுந்தபடி போங்கள். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், 2004-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். சண்டேசுவரர் தலையில் சிவபெருமான் பூமாலை சுற்றுகிற சிற்பத்துக்கு முன்னால் அம்மா உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பசிக்கிறது என்று யாரும் கூப்பிடவில்லை, அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை. நானும் போய் எழுப்பவில்லை.

அப்புறம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அதனால்தான் இவ்வளவு சுண்ணாம்புக்கல், இவ்வளவு சிமென்ட் ஆலை. நத்தை மாதிரி சுருண்ட கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா பேத்தியிடம், "இதை மாதிரி ஒண்ணுதான் நம்ம வீட்டுக் கதவுக்கு முட்டு குடுத்திருக்கு" என்றார்! சாயங்காலம் கரைவெட்டி ஏரி. எங்கள் ஏரிதான், சின்ன வயசில் துணி துவைத்திருக்கிறோம். 2024-ல் அது ராம்சார் ஈரநிலம் ஆகிவிட்டது. தலையில் கறுப்புக் கோடு போட்ட வாத்து இமயமலையைத் தாண்டி இங்கே வருகிறதாம். அன்று ராத்திரி மட்டும் அம்மா வீட்டில் தங்கினோம். ஊர் வாயும் அடைந்தது. சமையல்? புரோட்டா வாங்கி வந்தார் என் தம்பி.

வாடகையில் மிச்சமான காசுக்கு ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் ஜெயங்கொண்டம் முந்திரியும் வாங்கினோம். அந்தப் பணம் எங்கள் ஊர்க்காரர்கள் கைக்குப் போனதில் எனக்குச் சந்தோஷம். ஒன்று சொல்ல வேண்டும், பாயிண்ட் என்றால் எல்லாமே இலவசம் இல்லை. அது அறை வாடகைக்குத்தான். எங்களுக்குக் காலைச் சாப்பாடு தனிக் காசு, ராத்திரி வெளியே போய்ச் சாப்பிட்டோம். காலாவதியும் உண்டு. மேரியட் குழுமத்தில் 24 மாதம் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால் பாயிண்ட் போய்விடும். தாஜ் ஹோட்டல்களில் செல்லுகிற டாடா நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய் என்பதால் கணக்குச் சுலபம், ஆனால் அதற்கும் கெடு உண்டு. வேறொரு குழுமத்தில் நாங்கள் கவனிக்காமல் 9,000 பாயிண்ட் போனது. இப்போது சமையலறைக் காலண்டரில் கேஸ் புக் பண்ணிய தேதிக்குப் பக்கத்தில் பாயிண்ட் கெடுவையும் எழுதி வைக்கிறேன்.

இவ்வளவு உரிமையோடு ஏன் கேட்கிறாய் என்று யாராவது நினைக்கலாம். இந்தப் பாயிண்ட் எல்லாம் அவர் வீட்டில் இல்லாத ராத்திரிகள். அவர் ஏ.சி. அறையில் படுத்து ஒரு பாயிண்ட் சேர்ந்த அன்றைக்கு, சின்னவனுக்கு 103 டிகிரி காய்ச்சல். நனைத்த துணியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தது நான். பெரியவளின் பள்ளிக்கூடக் கூட்டம், தண்ணி மோட்டார் ரிப்பேர், மாமனாரின் கண் ஆபரேஷன் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அவர் ஊர் சுற்றியது சுகத்துக்கு இல்லை, எனக்குத் தெரியும். அலைச்சல்தான். ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு பெயர்தான் இருக்கிறது, ராத்திரிகள் இரண்டு பேருடையவை. இதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கணக்கின் ரகசிய எண்ணை என் கையில் கொடுத்துவிட்டு, "இனி நீயே பார்த்துக்க" என்றார்.

இரண்டாம் நாள் காலை ஹோட்டலில் ஒன்று நடந்தது. அம்மாவின் அறைக்குக் காபி கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா பழக்கதோஷத்தில் எழுந்து டபராவைத் தேடினார். "நீ உக்காரும்மா" என்றேன். கட்டிலிலேயே உட்கார்ந்து, இரண்டு கையிலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். "சர்க்கரை கம்மி" என்றார், ஆனால் முழுசும் குடித்தார்.

இப்போது கணக்கில் 3,000 பாயிண்ட் மிச்சம் இருக்கிறது. செட்டிகுளத்தில் கரும்பு பிடித்த முருகனைப் பார்க்க நேரமில்லாமல் வந்துவிட்டோம் என்று அம்மா நேற்றுகூடப் போனில் சொன்னார். அவர் அகமதாபாத்தில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வருவார்.

- ஒரு இல்லத்தரசி, ஓசூர்