கையொப்பம் சம்மதமாகுமா?

நியூசிலாந்திற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறி, சன் டியேகோ நகரிலே ஆபாசப்படத் தயாரிப்பைத் தொழிலாக நடத்தியவன் மைக்கல் பிராட். 2025 செப்டம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் இவனுக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வந்தேறியின் புத்தி இதுவென்று கூறி வாளாவிருப்போரும் உளர். பிறந்த நாடு செய்த குற்றம் யாது? இவன் கையாண்ட சூழ்ச்சியன்றோ ஆராயத்தக்கது!

உடையலங்கார விளம்பரத்துக்கு மாதிரியாக நிற்கும் வேலையென்று விளம்பரஞ் செய்து இளம்பெண்களை அழைத்தனர். படம் அந்நிய நாடுகளில் மட்டுமே இறுவட்டாக விற்கப்படும், இணையத்தில் ஒருபோதும் வெளிவராது, பெயரும் மறைக்கப்படும் என்று உறுதி கூறினர். விடுதியறையிலே ஒப்பந்தத்தை நீட்டி, வாசிக்க அவகாசமின்றிக் கையொப்பம் வாங்கினர். பின்னர் நடந்ததோ, உலகமனைத்தும் காண இணையத்தில் வெளியீடு! பெண்கள் பலர் கல்வியிழந்தனர், தொழிலிழந்தனர், சுற்றத்தாராலும் கைவிடப்பட்டனர்.

'கையொப்பமிட்டாள், கூலியும் பெற்றாள், பின் முறையிடுவதேன்?' என்பது இத்தொழிலுக்குப் பரிந்து பேசுவோர் வாதம். வாசியாத உறுதியிற் கைநாட்டிட்டுக் காணியிழந்த கமக்காரனுக்கு இவ்வாதத்தின் பொய்ம்மையை நாம் விளக்க வேண்டுவதில்லை. பொய்யுரைத்துப் பெற்ற இணக்கம் இணக்கமன்று, அது களவு.

2016 இல் நான்கு பெண்கள் துணிந்து வழக்காடினர். பின் அவர்தொகை 22 ஆயிற்று. 2020 ஜனவரியில் ஒரு கோடி 27 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு தீர்க்கப்பட்டது. பிராட்டோ 2019 இலேயே நாட்டைவிட்டு ஓடிவிட்டான். 2022 டிசம்பரில் ஸ்பெயினிற் பிடிபட்டு, 2024 இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2025 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதி நடந்துவர ஒன்பது ஆண்டுகள்!

நீதி முழுமையாக வந்ததா? இப்படங்களைப் பரப்பிப் பொருளீட்டிய போர்ன்ஹப் தளத்தின் தாய்க் கம்பனி, 2023 டிசம்பரில் 18 இலட்சம் டொலருக்கு மேற் செலுத்தவும், பெண்களுக்கு நட்டஈடு வழங்கவும், மேற்பார்வைக்குட்படவும் உடன்பட்டது. அதன்மீதான வழக்கு விசாரணையின்றி ஒத்திவைக்கப்பட்டது. திருடனுக்குச் சிறை, திருட்டுப் பொருளை விற்ற சந்தைக்கு அபராதம்! இதுவோ சமநீதி?

நாம் வேண்டுவன இரண்டு. சம்மதம் மெய்யானதென நிரூபிக்கும் பொறுப்பு தயாரித்தவனையும் பரப்பியவனையுமே சாரட்டும். ஏமாற்றப்பட்டவள் முறையிட்ட அன்றே படம் அகற்றப்படட்டும். நாணவேண்டியவர் ஏமாற்றியவரேயன்றி ஏமாந்தவரல்லர்!