கிழட்டுக் காருக்கும் காவல் வேண்டும்

தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரை இரவில் ஒழுங்கையிலேயே நிறுத்தும் நண்பர் ஒருவர், "இந்தக் கிழட்டுக் காரை எவன் களவெடுப்பான்?" என்று நம்மிடம் கூறிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு எழவில்லை. 1948இல் வெளிவந்த அவ்வகைக் காரின் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கள்வன் அதனை முழுதாக விற்கவேண்டியதில்லை; கதவும் விளக்கும் கழன்றாலே காசு. காப்புறுதிப் பணம் வந்தாலும் தந்தையாரின் கார் திரும்பி வருமா?

நண்பரின் காரில் ஸ்ரியறிங்கைப் பூட்டும் வசதி கிடையாது. நாம் பரிந்துரைத்த மருந்து எளியது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குள் றோட்டர் எனும் சிறு துண்டு உண்டு. அதனைக் கழற்றிவிட்டால் கள்ளத் திறப்புப் போட்டாலும் எஞ்சின் கிளம்பாது. 1940இல் ஜேர்மன் படையெடுப்பை அஞ்சிய பிரித்தானியாவில், ஆளின்றி நிற்கும் கார்களை இயங்காமற் செய்யுமாறு கட்டளை பிறந்தபோது, பலர் கையாண்ட உபாயமும் இதுவே.

பெற்றோல் பம்புக்கு இரகசிய சுவிச்சு வைப்போரும் உளர். நமக்கு அதில் நம்பிக்கை குறைவு. காபரேற்றரில் எஞ்சிய பெற்றோலிலேயே கார் சந்தி தாண்டிவிடலாம்! கட்டியிழுத்துச் செல்பவனுக்கோ றோட்டரும் பொருட்டன்று. ஆகவே சில்லொன்றைச் சங்கிலியாற் பிணைப்பதும் நன்று.

நண்பர் அன்றிரவே றோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். காலையில் கந்தோருக்குப் புறப்பட்டால் கார் அசையவில்லை. சட்டை சலவைக்குப் போயிருந்தது.