வெசலா, ரெய்ஸா என்று கேட்பதற்கு முன்: வாகன மோகமும் நமது வீட்டுக் கணக்கும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்தது. அன்று முதல் காத்தான்குடியிலும் அக்குறணையிலும் பேருவளையிலும் நம்மவர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடுவது ஒரே விடயம்தான்: எந்த 'ஜீப்' நல்லது? டொயோட்டா ரெய்ஸா, யாரிஸ் குரொஸா, ஹொண்டா வெசலா, இல்லை சீனாவின் மின்சார வாகனமா?

கேள்வியில் தவறில்லை. ஆனால் வாகனத்தை ஒப்பிடும் நாம், அதை வாங்கும் ஒப்பந்தத்தையும் அதற்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒப்பிடுவதில்லை. சிக்கல் அங்குதான் இருக்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். நாம் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி வாகனத்துக்கு அல்ல, வரிக்கே போகிறது. இறக்குமதி திறக்கப்பட்டபோது 20 வீத சுங்கத் தீர்வையும், அந்தத் தீர்வையின் மீது 50 வீத மேலதிக வரியும் விதிக்கப்பட்டன. அதோடு உற்பத்தி வரி. குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி. இறுதியில் சுங்கத் தீர்வையையும் உற்பத்தி வரியையும் சேர்த்த தொகைக்கு மேல் 18 வீத வற் வரி. அதாவது வரிக்கும் வரி கட்டுகிறோம்.

உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்துப் படிப்படியாக ஏறுகிறது. 996 சிசி எஞ்சின் கொண்ட ரெய்ஸ் இங்கு இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். யாரிஸ் குரொஸ் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் இரண்டும் 1500 சிசிக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. 1800 சிசி கொரோலா குரொஸ் அந்த எல்லையைத் தாண்டுவதால் வரியும் பாய்ந்து ஏறுகிறது. மின்சார வாகனத்துக்கு மோட்டாரின் கிலோவாட் வலுவே அளவுகோல். அந்த வலு எவ்வளவு என்ற சர்ச்சையில் 2025 இல் பெருந்தொகையான மின்சார வாகனங்கள் சுங்கத்தில் தடுக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றதை மறந்துவிடக் கூடாது.

இனி பாவனை. ஹைபிரிட்டின் உண்மையான இலாபம் நின்று நின்று போகும் நகர நெரிசலில்தான் தெரியும். தினமும் கொழும்புக்குள் ஓடுபவருக்கு அது பயன் தரும். மாதம் ஒரு முறை கல்முனையிலிருந்து கொழும்புக்கு நெடுந்தூரம் போய்வருபவர் எரிபொருளில் மிச்சம் பிடிக்கும் தொகை, ஹைபிரிட்டுக்காக மேலதிகமாகக் கொடுத்த விலையை ஈடுசெய்யப் பல வருடங்கள் ஆகலாம். இன்னொன்று: ரெய்ஸ், யாரிஸ் குரொஸ், வெசல் மூன்றுமே ஐந்து இருக்கை வாகனங்கள். உம்மா, வாப்பா, நான்கு பிள்ளைகளோடு பயணம் போகும் குடும்பத்துக்கு வெளித்தோற்றம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே இடம் போதாது. அவர்களுக்குப் பழைய வேன் ஒன்றே பொருத்தமாக இருக்கலாம்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனம் என்றால், ஏலத் தாளைச் செசி இலக்கத்தைக் கொண்டு நீங்களே சரிபார்க்க வேண்டும். விற்பவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பி இலட்சக்கணக்கில் கொடுக்கக் கூடாது.

மிக முக்கியமானது லீசிங். 2025 ஜூலையில் கார், எஸ்.யூ.வி., வேன்களுக்கான கடன் வரம்பை மத்திய வங்கி 60 வீதமாக வைத்தது. பின்னர் அதே ஆண்டிலேயே அதை மேலும் இறுக்கியது. எனவே ஏறக்குறைய பாதிப் பணத்தை நாம் கையிலிருந்து போட வேண்டும்.

ஓர் உதாரணம். வாகனம் 120 இலட்சம். 60 இலட்சம் கைப்பணம், 60 இலட்சம் லீசிங். வட்டி 13 வீதம், ஐந்து வருடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1 இலட்சத்து 36 ஆயிரம் ரூபா. முடிவில் 60 இலட்சத்துக்கு 82 இலட்சம் அளவில் கட்டியிருப்போம். 22 இலட்சம் வட்டி. காப்புறுதி, டயர், சேவிஸ் எல்லாம் தனி.

அந்த 60 இலட்சம் கைப்பணம் எங்கிருந்து வருகிறது? நமது சமூகத்தில் பலருக்கு அது வங்கியில் சும்மா கிடக்கும் பணம் அல்ல. கடையின் முதல். சரக்கு வாங்க வேண்டிய பணம் வாசலில் நிற்கும் வாகனமாக மாறினால், அடுத்த நோன்புப் பெருநாள் சீசனுக்குக் கடனுக்குச் சரக்கெடுக்க வேண்டிவரும். கடைச் சரக்குக்கு ஸகாத் உண்டு, சொந்தப் பாவனை வாகனத்துக்கு இல்லை. ஆகவே இந்தப் பண நகர்வு ஊரின் ஏழைகளையும் தொடுகிறது.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இஜாரா, முராபஹா வசதிகள் உள்ளன. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அமானா வங்கியும், மற்றைய நிறுவனங்களின் இஸ்லாமியப் பிரிவுகளும் இவற்றை வழங்குகின்றன. ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முராபஹா என்றால், எனக்கு விற்கும் முன் வாகனம் உண்மையில் நிறுவனத்தின் உடைமைக்கு வந்ததா? இஜாரா என்றால், உரிமையாளர் என்ற வகையில் நிறுவனம் எந்தப் பொறுப்பை ஏற்கிறது? தவணை பிந்தினால் அறவிடும் தொகை தர்மத்துக்குப் போகிறதா, நிறுவனத்தின் வருமானத்துக்கா? முன்கூட்டியே முடித்தால் என்ன நடக்கும்? தெளிவான பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம்.

ஒப்பந்தம் ஹலாலாக இருப்பதனால் மட்டும் தாங்க முடியாத தவணை தாங்கக் கூடியதாக மாறிவிடாது. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூ.ஆர். முறை வந்தது. வியாபாரம் படுத்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. லீசிங் வாகனத்தின் பதிவில் முழு உரிமையாளர் நிறுவனமே என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

தொழிலுக்கும் குடும்பத்துக்கும் உண்மையில் தேவையென்றால் வாங்குவோம். ஆறு மாத வியாபாரம் முடங்கினாலும் தவணை கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் பார்ப்போம். முடியுமென்றால் வெசலா ரெய்ஸா என்று பேசலாம். முடியாதென்றால், இப்போதிருக்கும் பழைய வாகனத்தைத் திருத்தி ஓட்டுவதில் எந்த வெட்கமும் இல்லை.