கைத்துப்பாக்கி யாருக்குக் காவல்?

வீட்டிலே ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் நல்லதுதானே என்று கேட்கும் தோழர்கள் பெருகி வருகிறார்கள். விழுப்புரத்து ரயில்வே தொழிலாளர் கேட்கிறார்கள். திண்டிவனம் புறவழிச்சாலை ஓரம் மனை வாங்கி, அக்கம்பக்கம் வீடில்லாத இடத்திலே குடியேறியவர்கள் கேட்கிறார்கள். விடுமுறை நாளில் கல்வராயன் மலைப்பக்கம் ஏறி இறங்கும் இளைஞர்களோ, "மடியிலே ஒன்று இருந்தால் கரடி வந்தால் என்ன, காட்டுப்பன்றி வந்தால் என்ன?" என்கிறார்கள். முதன்முதலாக வாங்குபவனுக்கு ஏற்றது ரிவால்வரா, பிஸ்டலா என்பது வரை பேச்சு போய்விட்டது.

கேலி பேசி ஒதுக்க நாம் விரும்பவில்லை. அச்சம் உண்மை. கணவன் இரவுப் பணிக்குப் போனபின், தாழ்ப்பாள் ஆடும் ஓசைக்கு விழித்தெழுந்து பிள்ளைகளை அணைத்துக்கொள்ளும் தாயின் அச்சத்தை மாளிகைக்காரர் அறியமாட்டார்; அவர் வாசலிலே கூர்க்கா நிற்கிறார். ஆகவே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன், யாருக்குத் துப்பாக்கி என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பழைய வரலாறும் இருக்கிறது.

1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்நாட்டான் ஆயுதம் வைத்திருக்க லைசென்சு வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு! வெள்ளைத் தோலே லைசென்சு! அந்த அநீதியைக் கண்டித்த காங்கிரசார், 1931இல் கராச்சியிலே அடிப்படை உரிமைகளைத் தீர்மானமாக்கியபோது, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அதிலே சேர்த்தனர். ஆட்சி கைக்கு வந்தது. அரசியல் சட்டம் வந்தது. அந்த உரிமையை மட்டும் அதிலே காணோம். 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்றும் நம்மை ஆள்வது அதுதான்.

அதன் 13ஆவது பிரிவைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, பாதுகாப்புக்காக இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட நெடுந்துப்பாக்கி — இவற்றுக்குச் சட்டம் காட்டும் தடைகள் இல்லையெனில் லைசென்சு தரவேண்டும் என்கிறது. கைத்துப்பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். கலெக்டர் அதை ஏற்கவேண்டும். 14ஆவது பிரிவு இன்னும் அழகானது: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் லைசென்சு மறுக்கக்கூடாது! ஏட்டிலே எழுதியிருக்கிறது, தோழர்களே. அச்சுறுத்தலுக்கு ஆளானவர் என்று அதிகாரி கண்ணுக்கு எளிதில் தெரிபவர் யார்? நகைக்கடை முதலாளியா, நடுநிசியில் தண்டவாளம் பார்க்கப்போகும் கேங்மேனா? சொல்லவும் வேண்டுமோ!

விழுப்புரத்துக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. 1978 ஜூலையில் இதே ஊரிலே ஒடுக்கப்பட்ட மக்கள் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் வந்த விதிகள், வன்கொடுமை நேரக்கூடிய பகுதிகளில் மற்றவர்களின் ஆயுத லைசென்சுகளை ரத்து செய்யவும், தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு லைசென்சு வழங்கவும் அரசுக்கு வழிசெய்கின்றன. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதிலே ஊரின் அதிகாரமும் இருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. சலுகையாக அல்ல, நீதியாக அந்த விதி அமலாக வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி, எது வாங்குவது என்ற கேள்வி. 9 மில்லிமீட்டர் துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது, கைக்கு எட்டுவது.32 ரகம். ரிவால்வரிலே உருளும் அறைகள். ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால் மீண்டும் விசையை இழுக்க, அடுத்த தோட்டா வந்து நிற்கும். எல்லா அறைகளையும் கண்ணால் பார்க்கலாம். பிஸ்டலிலே தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்ட பிறகும் குழலறையில் ஒன்று தங்கியிருக்கும். "காலி" என்று எண்ணி விளையாடியவர்கள் பலர் சுடுகாட்டிலே இருக்கிறார்கள். பழகாத கைக்கு இரண்டில் ரிவால்வர் மேல். எடை குறைந்ததே நல்லது என்பதும் மயக்கம். எடை குறையக் குறைய உதைப்பு கூடும், குறி தவறும். 2012 டிசம்பரில் டில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று அரைக்கிலோ எடையில் 'நிர்பீக்' ரிவால்வர் செய்து விற்றது. விலை ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்! செங்கல் சூளையிலே கல் சுமக்கும் தங்கைக்கு என்ன பாதுகாப்பு கொடுத்தீர்கள் என்று கேட்டால், பெட்டியோடு ரிவால்வரைக் காட்டினார்கள்.

விலை கிடக்கட்டும், கடன்பட்டாவது வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தோரு வயது ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். 2016 விதிகளின்படி பயிற்சி பெற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்சு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இவையெல்லாம் சிறிய தொல்லைகள். பெரிய தொல்லை வேறு. லைசென்சு அவர் பெயருக்கு; மனைவிக்கு அல்ல! இரவுப் பணிக்குப் போகிறவர் துப்பாக்கியை வேலையிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. பூட்டிவைத்துச் சாவியை எடுத்துப்போனால், யாருக்காக வாங்கினாரோ அவருக்கே பயனில்லை. பூட்டாமல் வைத்துப்போனால், எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு அது எட்டும். இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டும் துப்பாக்கி வியாபாரி எவரையும் நாம் கண்டதில்லை.

சுடும் உரிமையும் எல்லையற்றதல்ல. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நியாய சன்ஹிதா, இரவிலே வீடுடைத்து நுழைபவனிடமிருந்து தற்காத்துக்கொள்ள விரிவான உரிமை தருகிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய இடம் தரவில்லை. இருட்டிலே, தூக்கக் கலக்கத்திலே, நடுங்கும் கையோடு அந்தத் தேவையை அளந்தவர்கள் உண்டா? பின்வாசல் வழியே வந்த மைத்துனனா, திருடனா என்று பார்க்க விளக்குப் போட வேண்டும். விளக்கைப் போட்டுக் கூச்சலிட்டாலே பாதித் திருடர்கள் ஓடிவிடுவார்கள், அது வேறு செய்தி!

1967 ஜனவரி 12ஆம் நாளைத் தமிழகம் மறக்கவில்லை. எம்.ஜி.ஆர். தம் இல்லத்திலேயே சுடப்பட்டார். முகமூடிக் கொள்ளைக்காரனா சுட்டான்? வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்த, பல்லாண்டு பழகிய சக நடிகர் எம்.ஆர்.ராதாவே சுட்டார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலே 1993இல் வெளியான ஆய்வு ஒன்று, துப்பாக்கி உள்ள வீட்டிலே கொலை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு என்றது. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோரை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்வது மற்றவர்களைவிட எட்டு மடங்கு என்றது. பெண்களிடையே முப்பத்தைந்து மடங்கு. அமெரிக்கா வேறு, திண்டிவனம் வேறு என்பீர்கள். குடி இங்கே இல்லையா? கடன்காரன் வாசலிலே நின்று பேசும் பேச்சு இங்கே இல்லையா? கைக்கெட்டிய பூச்சிமருந்தால் எத்தனை குடும்பங்களை இழந்திருக்கிறோம்! ஒரு நிமிட ஆத்திரம் அடுத்த நிமிடம் ஆறிவிடும். விசையை இழுத்தபின் அடுத்த நிமிடம் கிடையாது.

மலையேறும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். சரணாலயத்துக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். உயிரைக் காக்க விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று சொல்லும் அதே சட்டம், ஏற்கெனவே குற்றம் செய்துகொண்டிருப்பவனுக்கு அந்த விலக்கு இல்லை என்கிறது. அதுவும் போகட்டும்; .32 தோட்டா கரடியை நிறுத்தாது, வெறியேற்றும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட வனத்துறையினரே சுடுவார்கள், அதுவும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றுதான் 2025இல் அரசு முடிவு செய்தது. உண்மையான எமன் வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணி மலையிலே இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காட்டுத்தீ குடித்தது. பாம்புக்கடியோ, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேரைக் கொன்றிருக்கிறது. துப்பாக்கி தீயை அணைக்குமா, நஞ்சை இறக்குமா? டார்ச் விளக்கு, கைத்தடி, கணுக்கால் மூடும் செருப்பு, வழிதெரிந்த மலைவாசி ஒருவர். கடித்துவிட்டால் கட்டாமல் கீறாமல் 108ஐ அழைத்து முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு விரைவது. நஞ்சுமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருபவர்கள் யார் தெரியுமா? 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் தோழர்கள். திண்டிவனம் சுற்றுப்புறத்தில் பட்டாவுக்கு அலைகிறவர்களும் அதே இருளர் மக்கள்தான்!

உயிருக்கு உண்மையான மிரட்டல் உள்ள தோழர் விண்ணப்பிக்கட்டும், மறுத்தால் காரணத்தை எழுத்திலே கேட்கட்டும், சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, மேல்முறையீடும் செய்யட்டும். தோப்பிலே தனிவீடு உள்ள உழவர் ரிவால்வருக்கு ஏங்காமல், சட்டம் எளிதாகத் தரும் நெடுந்துப்பாக்கிக்கே மனுச் செய்யட்டும். நாட்டுத் துப்பாக்கியை எவரும் தொடவேண்டாம். லைசென்சு இல்லாத துப்பாக்கிக்கு இரண்டாண்டுக்குக் குறையாத சிறை, அது கையிலேயே வெடித்தால் அதற்குமேல் சிறை தேவையில்லை. மற்றவர்கள்? வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்திலே குறைதீர்க்கும் நாள். புறவழிச்சாலைக் குடியிருப்புகளின் வட்டக் கழகத் தோழர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். எரியாத தெருவிளக்குகளின் கம்ப எண்களை ஒவ்வொன்றாகக் குறித்து வாருங்கள். இரவு ரோந்துப் போலீசார் எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு வருகிறார்கள், கையெழுத்துப் புத்தகம் எந்த வீட்டிலே இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். கடந்த ஐந்தாண்டில் இம்மாவட்டத்தில் கைத்துப்பாக்கி லைசென்சு பெற்றவர்களில் கூலித் தொழிலாளர் எத்தனை பேர் என்பதையும் அதே மனுவில் கேளுங்கள்.