ஒரு பிடி அரிசி

மிசோரமில் பகல் உணவு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இல்லை. காலையில் ஒரு முறை, மாலை இருட்டுவதற்குள் ஒரு முறை, இரண்டு வேளையும் சோறுதான். பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த வீடாக இருந்தால் சமையலறையில் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். ஒன்றில் வீட்டுக்கான அரிசி. மற்றொன்று சிறியது, சபைக்கானது. உலையில் போட அரிசியை அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அந்தச் சிறிய பாத்திரத்தில் போட்டுவிட்டுத்தான் வீட்டுப் பெண் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். இதற்கு மிசோ மொழியில் 'புஃபாய் தாம்' என்று பெயர். நேர்ப் பொருள், ஒரு பிடி அரிசி.

இந்த வழக்கம் தொடங்கியது 1910இல். மிசோ மலையில் அப்போது சபைக்கே வயது போதாது. ஜே.எச். லொரெய்ன், எஃப்.டபிள்யூ. சாவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் சாய்ராங் ஆற்றுத் துறையில் வந்து இறங்கியது 1894 ஜனவரி 11இல். எழுத்தே இல்லாத மொழிக்கு ரோமன் எழுத்துகளைப் பொருத்தி அரிச்சுவடி அமைத்தவர்கள் இவர்கள்தான். பின்னால் வேல்ஸ் நாட்டு மிஷன் வந்தது. முதல் இரண்டு மிசோக்கள் ஞானஸ்நானம் பெற்றது 1899இல். பதினொரு ஆண்டுகள் கழித்து, ரொக்கப் பணம் அதிகம் புழங்காத அந்த மலைக் கிராமங்களில், 'நம் சபைக்கு நாம் என்ன கொடுக்க முடியும்?' என்ற கேள்வி எழுந்தது. வீட்டில் இருந்தது அரிசி. அதை அளக்கும் கை பெண்ணின் கை.

தமிழர்களுக்குப் பிடி அரிசி புதிய சொல் அல்ல. வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, கோயில் நைவேத்தியத்துக்கும் ஏழைகளின் பசிக்கும் பயன்படுத்த வேண்டும் என்று காஞ்சிப் பெரியவர் வலியுறுத்தியதைப் பலர் அறிவார்கள். ஒரே எண்ணம் நாட்டின் இரண்டு மூலைகளில் முளைத்திருக்கிறது. மிசோரமில் வியப்பு எண்ணத்தில் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, வேளைக்கு வேளை, அது விடாமல் நடந்து வருவதில்தான் இருக்கிறது.

நடைமுறை எளிது. சபையின் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் முறை வைத்துக்கொண்டு பையோடும் கூடையோடும் வீடு வீடாகப் போவார்கள். சிறிய பாத்திரம் காலியாகும். சேர்ந்த அரிசி பின்பு விற்கப்படும். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் சபையாரே. வீட்டிலிருந்து போன அரிசி காசாக மாறி சபைக்குப் போகும், அரிசியாக இன்னொரு வீட்டுக்குப் போகும். அந்தக் காசு உள்ளூர் ஆலயத்தில் தங்காமல் மேலே சினாட் வரை போய் ஊழியர்களின் சம்பளமாகிறது. தொடக்கத்தில் சில ரூபாய்களாக இருந்த தொகை இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். பெரும் பணக்காரர் யாரும் எழுதிக் கொடுத்த காசோலை அல்ல இது. லட்சக்கணக்கான பிடிகள்.

2011 கணக்கெடுப்பின்படி மிசோரமின் மக்கள்தொகை 10.97 லட்சம்தான். சென்னையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். வடக்கே பிரஸ்பிட்டேரியன்களும் தெற்கே லுங்லெய் பக்கம் பாப்டிஸ்டுகளும் அதிகம். இவ்வளவு சிறிய மாநிலம், தனக்கு வேண்டிய அரிசி முழுவதையும் தானே விளைவித்துக்கொள்ள முடியாத மாநிலமும்கூட. செங்குத்தான மலைச் சரிவில் காட்டை வெட்டி எரித்து விதைக்கும் விவசாயம். பெரும்பகுதி அரிசி அஸ்ஸாம் பக்கமிருந்து லாரிகளில் மலையேறி வருகிறது. மழைக்காலத்தில் சாலை சரிந்தால் அதுவும் வராது. கையில் தாராளமாக இருப்பதை இந்தச் சபை கொடுக்கவில்லை. எது குறைவோ அதைத்தான் கொடுக்கிறது.

அந்தக் குறைவு எவ்வளவு கொடியது என்பதை மிசோக்கள் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை அங்குள்ள மூங்கில் காடுகள் ஒரே நேரத்தில் பூக்கும். மூங்கில் அரிசியைத் தின்று எலிகள் பெருகும். அது தீர்ந்ததும் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் வரும். 1959இல் வந்த அந்தப் பஞ்சத்தில் அரசு காட்டிய மெத்தனம் கோபமாகி, 1966 மார்ச்சில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அய்ஸ்வால் மீது இந்திய விமானப்படையே குண்டு வீசியது. அடுத்த ஆண்டிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டு, மக்கள் சாலையோரக் காவல் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். 1960களின் இறுதியில் வேல்ஸ் மிஷனரிகளும் வெளியேற வேண்டியதாயிற்று.

வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுப் போதகரும் போனால் சபை என்னவாகும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வயலை இழந்தவர்களும் வீட்டை இழந்தவர்களும் இருந்த அந்தக் காலத்தையும் பிடி அரிசி தாண்டி வந்தது. இருபது ஆண்டு அவதிக்குப் பிறகு 1986 ஜூன் 30இல் ஏற்பட்ட அமைதி ஒப்பந்தத்துக்கு வழி அமைத்ததில் சபைத் தலைவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இரு தரப்பும் நம்பிக்கையோடு பேசக்கூடிய இடமாகச் சபை இருந்தது. யாருடைய கூலியும் அல்லாமல் தன் மக்களின் அரிசியில் வாழும் சபை என்பது அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கொடுப்பது மட்டும்தான் இவர்களுடைய பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. ஞாயிறன்று அய்ஸ்வால் கடைத்தெருவில் ஈ காக்கை இருக்காது. ஞாயிறு பள்ளி என்றால் தமிழ்நாட்டில் குழந்தைகள் நினைவுக்கு வருவார்கள். அங்கே தாத்தா பாட்டிகளும் வகுப்பில் உட்கார்ந்து வேதம் படிக்கிறார்கள். வார நாட்களிலும் மாலை நேரங்கள் சபைக்குத்தான். இளைஞர் கூட்டம் ஒரு நாள், பெண்கள் கூட்டம் ஒரு நாள், ஜெபக்கூட்டம் ஒரு நாள். ஒரு போதகரின் பொறுப்பில் பல ஆலயங்கள் இருப்பதால் அன்றாடம் சபையை நடத்துவது மூப்பர்களே.

பாட்டில் அவர்கள் கண்ட வழி தனியானது. வேல்ஸ்காரர்கள் கற்றுக்கொடுத்த நான்கு குரல் கோஷ்டிப் பாடல் இன்றும் உண்டு. ஆனால் மத்தளம் நெடுநாள் ஆலயத்துக்கு வெளியேதான் நின்றது. 'குவாங்' என்ற அந்தத் தோல் வாத்தியம் பழைய மதுவிருந்துகளோடும் சடங்குகளோடும் சேர்ந்தது என்று மிஷனரிகளும் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களும் அதை ஒதுக்கினார்கள். 1919இல் ஏற்பட்ட எழுப்புதலின் அலையில் அது உள்ளே வந்தது. பழைய மெட்டின் சாயலில் புதிய பாடல்கள் பிறந்தன. இன்று ஓர் இறப்பு நேர்ந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் துக்க வீட்டில் கூடி, இரவு வெகுநேரம் மத்தளத்தோடு அந்தப் பாடல்களைப் பாடுகிறார்கள். ஏழை, பணக்காரன் என்று பார்ப்பதில்லை. குழி தோண்டுவது இளைஞர்களின் கடமை. துக்கத்தில் எவரும் தனியாக விடப்படுவதில்லை.

வெளியே இருப்பவருக்கும் இந்தக் கதவு திறக்கிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, சின் மலையிலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகள் 30,000-க்கும் மேல். 2023 மே மாதத்திலிருந்து மணிப்பூர் கலவரத்தில் வீடிழந்தவர்களும் வந்தார்கள். டெல்லியில் கொள்கை முடிவாவதற்கு முன்பே அவர்களுக்குச் சோறு வெந்துவிட்டது. சமைத்தவர்கள் சபையாரும் ஊர்ச் சங்கத்தாரும். வேளைக்கு வேளை ஒரு பிடி எடுத்துப் பழகிய கைக்கு இன்னும் நாலு பிடி எடுப்பது கடினமாக இருக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சங்கடமான பகுதியைச் சொல்லாமல் போவது நியாயமல்ல.

மிசோக்களிடம் ஒரு பழமொழி உண்டு: பெண்ணின் அறிவு ஊர் நீரூற்றைத் தாண்டாது. தண்ணீர் எடுக்கப் போகும் தூரம்தான் அவளுடைய உலகம் என்பது பொருள். இன்னொன்று, நண்டுக் கறி கறியல்ல, பெண் சொல் சொல்லல்ல என்கிறது. அவளுடைய பிடி அரிசியோ நீரூற்றைத் தாண்டி, மலையைத் தாண்டி, அஸ்ஸாமுக்கும் அருணாசலத்துக்கும் நேபாளத்துக்கும் போயிற்று. மிஷனரிகளை அனுப்பி வைத்த வேல்ஸுக்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசோரமிலிருந்து ஓர் ஊழியர் அனுப்பப்பட்டார். அரிசி இவ்வளவு தூரம் போனது. அதை எடுத்த கை? வழக்கத்துக்கு நூறு வயது நிறைந்த 2010இல்கூட அந்தச் சபையில் பெண் போதகரோ பெண் மூப்பரோ கிடையாது. இறையியல் படித்துப் பட்டம் பெற்ற பெண்கள் இருந்தார்கள். வேதம் கற்பித்தார்கள். காணிக்கை திரட்டினார்கள். அந்தக் காணிக்கையை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் பலகையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களைக் காட்டி இதற்கு நியாயம் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் மத்தளத்தின் கதையையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அன்று மத்தளத்தை வெளியே நிறுத்தியவர்களும் பக்தியின் பேரால்தான் நிறுத்தினார்கள். உள்ளே வந்த பிறகு ஆராதனை கெட்டுப்போகவில்லை. அது இல்லாத ஆராதனையை நினைக்கவே முடியாது என்று ஆகிவிட்டது.

இரண்டாவது சங்கடம் பணம். பிடி அரிசிக்கு மேல் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் உண்டு. கட்டட நிதி உண்டு. வேறு சிறப்புக் காணிக்கைகளும் உண்டு. குடியிருப்புக்கு ஒன்றாக ஆலயங்கள் உயர்ந்து நிற்கின்றன. தர முடியாதவன் கூச்சப்பட்டு ஒதுங்கும் நிலை வரலாமா என்ற கேள்வி சபைக்குள்ளிருந்தே எழுகிறது. சபைக்குப் பலம் வந்தால் அதிகாரமும் வரும். அதிகாரம் வந்த இடத்தில் கேள்வி கேட்பது பாவமாகத் தோன்றும்.

இந்த இடத்தில்தான் பிடி அரிசியின் அருமை தெரிகிறது. தசமபாகத்துக்கு வருமானம் வேண்டும். பிடி அரிசிக்கு அடுப்பு எரிந்தால் போதும். அமைச்சர் வீட்டுப் பிடியும் கூலிக்காரி வீட்டுப் பிடியும் ஏறக்குறைய ஒரே அளவு. கூடையில் விழுந்த பிறகு எது யாருடையது என்று தெரியாது. கொடுத்தவருக்குக் கல்வெட்டு இல்லை, கைதட்டல் இல்லை. எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையை இயேசு பாராட்டியதாக வேதம் சொல்கிறது. அவரை அந்தப் பெண் பார்த்ததாகக்கூட அதில் இல்லை.

இப்போது காலம் மாறுகிறது. விறகடுப்பு போய் கேஸ் வந்துவிட்டது. கணவன், மனைவி இருவரும் அலுவலகம் போகும் வீட்டில் மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையைக் கொடுத்து, 'இது எங்கள் பிடி அரிசிக்கு' என்று சொல்லிவிடுவது எளிதாக இருக்கிறது. கணக்கு எழுதுகிறவருக்கும் சௌகரியம். சினாட்டுக்குப் பணம் குறையாது. குறைவது வேறு. மாதத்துக்கு ஒரு முறை பணம் கொடுப்பது கடமை. ஒவ்வொரு வேளையும், பசிக்கிற நேரத்தில், தன் வீட்டுச் சோற்றில் ஒரு பங்கு தன்னுடையது அல்ல என்று நினைத்துக்கொள்வது பயிற்சி. 2020 ஊரடங்கில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்தன. அந்தப் பயிற்சிக்கு மட்டும் பூட்டு இல்லை. பீடமும் பிரசங்கியும் வேண்டாத ஆராதனை அது. அளவுப் படியும் ஒரு கையும் போதும்.

மிசோரமின் பெண்கள் சபைக்குக் கொடுத்தது அரிசியை மட்டுமல்ல என்பதை அந்தச் சபை அறிந்தே இருக்கிறது. மேடைகளில் சொல்லியும் வருகிறது. நன்றியைச் சொல்வது எளிது, பலகையில் நகர்ந்து இடம் கொடுப்பதுதான் கடினம். ஒரு பிடியை எடுத்து வைக்க நூறு ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த சபை, தன் அதிகாரத்திலிருந்து ஒரு பிடியை எடுத்து வைக்கக் கற்றுக்கொள்ள எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்ளப் போகிறது?