கரிபாவின் மொட்டை மரங்கள்

ஹராரேயில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், கரிபா ஏரியில் படகுச் சஃபாரி சென்றபோது எடுத்த புகைப்படங்களை அனுப்பியிருந்தார். அந்திச் செம்மையில், நீருக்குள்ளிருந்து இலையற்ற மரங்கள் எழுந்து நிற்கின்றன. ஒன்றின் உச்சியில் மீன்கழுகு. அப்பால், நீர் வடிந்த கரையில் முளைத்த பசும்புல்லை மேயும் யானைகள். "பட்டுப்போன பிறகும் எவ்வளவு அழகு பாருங்கள் ஐயா" என்று எழுதியிருந்தார். அழகுதான், மறுப்பதற்கில்லை. அம்மரங்கள் பட்டுப்போன கதையைப் படகோட்டி சொன்னாரா என்று கேட்டேன். அணை கட்டியபோது மூழ்கியவை என்றும், அப்போது விலங்குகளைக் காப்பாற்றினார்கள் என்றும் சொன்னாராம். மனிதர்களைப் பற்றிப் பேச்சே எழவில்லையாம்.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

சாம்பேசி ஆற்றின் குறுக்கே கரிபா அணை எழுந்தது 1950களின் பிற்பாதியில். உலக வங்கி கடன் கொடுத்தது. 1958 டிசம்பரில் நீர் தேங்கத் தொடங்கி, சுமார் 280 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியானது. நீர் ஏற ஏற மேடுகள் தீவுகளாயின. விலங்குகள் அவற்றில் சிக்கின. ரூபர்ட் ஃபாதர்கில் தலைமையிலான குழு படகுகளில் சென்று சில ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை மீட்டது. மான்களின் கால்களைக் கயிறு அறுத்துவிடாதிருக்க, பெண்களிடமிருந்து பழைய நைலான் காலுறைகளைத் திரட்டிப் பின்னிக் கட்டினார்கள். மீட்கப்பட்டவற்றுள் பல, இன்று பயணிகள் விரும்பிச் செல்லும் மட்டுசடோனா பகுதியில் விடப்பட்டன. நெஞ்சைத் தொடும் கதை. அதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு 'நோவா நடவடிக்கை' என்று பெயரிட்டார்கள். விவிலியத்து நோவாவின் பேழையில் மனிதக் குடும்பமும் ஏறியது என்பது அப்பெயரை வைத்தவர்களுக்கு நினைவுக்கு வந்ததோ, என்னவோ.

ஏனெனில் அதே பள்ளத்தாக்கிலிருந்து டோங்கா மக்கள் (பசிபிக் தீவினர் அல்லர்) சுமார் 57,000 பேர் அகற்றப்பட்டனர். ஆற்றோர வண்டலில் ஆண்டுக்கு இருமுறை பயிர் கண்டவர்கள் அவர்கள். ஆறு அவர்களுக்கு எல்லையாக இருந்ததில்லை. இக்கரையில் பெண் எடுப்பார்கள், அக்கரையில் கொடுப்பார்கள். ஏரி வந்ததும் உறவுகள் எட்டாத் தொலைவாயின. போக மறுத்த சிசாமு கிராமத்தார்மீது 1958 செப்டம்பரில் காவலர்கள் சுட்டதில் எட்டுப் பேர் மாண்டனர். லுசிட்டு என்னும் வறண்ட இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர், குறிப்பாகக் குழந்தைகள், போன சில மாதங்களிலேயே நோயில் இறந்தனர். எலிசபெத் கோல்சன் என்ற மானிடவியலாளர் வெள்ளத்துக்கு முன்பே அவர்களிடையே சென்று, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து எழுதினார். அவர் 1971இல் வெளியிட்ட நூலைப் படித்தவன், படகில் உட்கார்ந்து நிம்மதியாகத் தேநீர் குடிப்பது கடினம். அணையின் மின்சாரம் தொலைதூரச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போனது. இடம்பெயர்ந்தவர்களின் ஊர்களில் பல, பல பத்தாண்டுகள் இருட்டிலேயே கிடந்தன.

சுற்றுலாவுக்கு வருபவனிடம் துயரக் கதை சொல்வது முறையா என்று என் மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காலுறைக் கதையும் துயரக் கதைதான். முடிவு மட்டும் இனிது. மான் கரையேறுகிறது, கேட்பவனுக்கு மனம் நிறைகிறது. டோங்காக்களின் கதையில் அப்படிக் கரையேறும் காட்சி இல்லை. அது விடுபடுவதற்கு என்னால் காணமுடிகிற காரணம் அதுவே. நம் பயணக்கட்டுரையாளர்களும் இதற்கு விலக்கல்லர்: சிங்கம் எத்தனை மீட்டர் தொலைவில் நின்றது என்று எழுதுவார்கள், அந்நிலத்தில் முன்பு யார் உழுதார் என்று கேட்கமாட்டார்கள்.

டோங்காக்களிடமிருந்து பயணியின் கைக்கு ஒன்று மட்டும் வந்து சேர்கிறது. மீன் தலையும் பாம்பு உடலும் கொண்ட நியாமி நியாமி, அவர்களுடைய ஆற்றுத் தெய்வம். அணைச் சுவர் அவனை மனைவியிடமிருந்து பிரித்துவிட்டது என்பது ஐதிகம். 1957லும் 1958லும் வந்து கட்டுமானத்தைச் சிதைத்த பெருவெள்ளங்கள் அவன் சினம் என்றார்கள். அவனைச் செதுக்கிய கைத்தடிகளைக் கரிபாவில் பயணிகளுக்கு விற்கிறார்கள். என் மாணவரும் ஒன்று வாங்கியிருக்கிறார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது எனக்குத் தருவதாகச் சொல்கிறார்.